அங்குல விமானமும் மில்லிமீட்டர் கடையும்

அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் அரோரா என்ற சிற்றூரில் இருக்கிறது வான்ஸ் ஏர்கிராஃப்ட். 1973-ல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் தொடங்கிய நிறுவனம். விமானத்தைத் துண்டுகளாக விற்கிறார்கள்: துளையிட்ட அலுமினியத் தகடுகள், வரைபடங்கள், பொட்டலம் பொட்டலமாக ரிவெட்டுகள். வாங்கியவர் தன் கார் ஷெட்டில் வைத்து அவற்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படிச் சேர்க்கப்பட்டுப் பறந்த ஆர்வி வரிசை விமானங்கள் 11,000-ஐத் தாண்டிவிட்டன. அவற்றில் பல பிரிட்டனிலும் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் சுவீடனிலும் உருவானவை. ஓர் ஆர்வியில் பத்தாயிரத்துக்கும் மேல் ரிவெட்டுகள் இருக்கும். அவற்றை அடிக்கக் கருவி வேண்டும். ஐரோப்பாவில் இருப்பவருக்குத் தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

அவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அமெரிக்காவில் விமானக் கருவி விற்கும் கடையில் மொத்தப் பெட்டியாக வாங்கி அட்லாண்டிக்கைக் கடந்து வரவழைப்பது. அயோவா மாநிலத்தின் கிளீவ்லேண்ட் ஏர்கிராஃப்ட் டூல் போன்ற கடைகள் ஆர்வி கட்டுகிறவர்களுக்கென்றே தொகுப்புகள் வைத்திருக்கின்றன. ரிவெட் கன், கை ஸ்க்வீசர், டிம்பிள் அச்சுகள், சில நூறு கிளீக்கோக்கள், பிசிறு நீக்கும் கருவி என்று முதல் நாள் வேலைக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவிலேயே கடை கடையாகத் தேடுவது.

பெரும்பாலோர் இந்த இரண்டையும் விலை கொண்டு ஒப்பிடுகிறார்கள். விலைக்குக் கடைசியில் வருவோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இந்தக் கருவி விமானத்தைத் தொடுகிறதா, பட்டறையைத் தொடுகிறதா? துளையையும் ரிவெட்டையும் போல்ட்டையும் தொடுகிற முனை அங்குலத்தில் பிறந்திருக்க வேண்டும். சுவர் மின்சாரத்தையும் காற்றுக் குழாயையும் கட்டுகிறவர் கையையும் தொடுகிற பொருள் அந்த ஊர்க் கடையிலிருந்தே வரட்டும். நான் பார்த்தவரை, பணம் வீணான இடங்களெல்லாம் இந்தக் கோட்டைத் தாண்டிய இடங்கள்தான்.

துளையிலிருந்து தொடங்கலாம். ஆர்வியின் ரிவெட்டுகளில் பெரும்பங்கு இரண்டே அளவு: 3/32 அங்குலம், 1/8 அங்குலம். நம் ஊர்த் தச்சர் கணக்கில் முக்கால் நூலும் ஒரு நூலும். முக்கால் நூல் ரிவெட்டுக்கு அமெரிக்கர்கள் 40-ம் எண் ட்ரில் பிட் போடுவார்கள். அதன் விட்டம் 0.098 அங்குலம், அதாவது 2.49 மி.மீ. ஒரு நூல் ரிவெட்டுக்கு 30-ம் எண், 0.1285 அங்குலம், 3.26 மி.மீ. எண் வரிசை பிட்டுகளை ஐரோப்பிய வன்பொருள் கடையில் கேட்டால் கடைக்காரர் முழிப்பார். ஆனால் 2.5 மி.மீ. பிட் இல்லாத கடை அங்கே இல்லை; எம்3 திருகுக்கு மரை வெட்டும் முன் போடும் துளை அது. 40-ம் எண்ணுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. கவலையே வேண்டாம், ஐரோப்பிய பிட்டே போதும். தரமான கோபால்ட் பிட்டாகப் பத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

30-ம் எண்ணில் கதை கொஞ்சம் மாறுகிறது. எம்4 மரைக்கான 3.3 மி.மீ. பிட்தான் அதற்கு அருகில் இருப்பது. வித்தியாசம் நூறில் நான்கு பங்கு. ரிவெட் அடிபடும்போது தண்டு உப்பித் துளையை நிறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நிறைக்க வேண்டிய இடம் கூடக் கூட, தண்டு நேராக நசுங்காமல் சாய்ந்து மடங்கும் வாய்ப்பும் கூடுகிறது. வெட்டுக்கருவி மட்டுமே விற்கும் கடைகளில் 3.25 மி.மீ. கிடைக்கும், அது சரியாக வரும். இல்லையென்றால் அமெரிக்க பிட்டையே வரவழைப்பது நல்லது. துளை ஏற்கெனவே குத்தப்பட்டு வரும் புதிய ஆர்விகளில் பிட்டைவிட ரீமர் சுத்தமான துளை தரும். அந்த ரீமர் அங்குல அளவில்தான் வேண்டும்.

துளை போட்ட தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங் பிடிப்பான்தான் கிளீக்கோ. பிரிட்டனில் ஸ்கின் பின் என்பார்கள். வெள்ளி நிறம் 3/32, செம்பு நிறம் 1/8, கறுப்பு 5/32. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பிய விற்பனையாளர் பட்டியலில் இவை 2.4, 3.2, 4.0, 4.8 மி.மீ. என்று மீட்டர் உடை போட்டு நிற்கும். உள்ளே இருப்பது அதே அங்குலம்தான். ஏர்பஸ்ஸின் தூலூஸ், ஹாம்பர்க் தொழிற்சாலைகளிலும் ரிவெட்டுகள் இந்த அளவுகளிலேயே ஓடுகின்றன. ஆக, ரிவெட் விஷயத்தில் ஐரோப்பிய விமானத் தொழிலும் அங்குலத்தைத்தான் வேறு எண்ணால் எழுதி வைத்திருக்கிறது. கருவி ஐரோப்பாவில் இல்லாமல் இல்லை. அதை விற்கிறவர்கள் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். ஒற்றை ஆளுக்கு முந்நூறு கிளீக்கோ விற்க அவர்களுக்குப் பெரிய ஆர்வமில்லை, அந்த விலையும் தொழிற்சாலை விலை. கிளீக்கோவைப் பொறுத்தவரை பழையதே போதும். ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால், முனை வளையாமல் இருந்தால், யார் எத்தனை முறை பயன்படுத்தியது என்பது பொருட்டே இல்லை.

டிம்பிள் அச்சு அப்படிப்பட்ட பொருள் இல்லை. ஆர்வியின் மேல்தோல் பல இடங்களில் 0.8 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லியது. அத்தனை மெல்லிய தகட்டில் ரிவெட்டின் தலை மட்டமாக அமரக் குழி கடைய முடியாது. கடைந்தால் தகடே தீர்ந்துவிடும். அதனால் ஆண், பெண் அச்சு இரண்டுக்கும் நடுவில் தகட்டை வைத்து அழுத்திக் கிண்ணம்போலக் குழிக்கிறார்கள். அந்தக் கிண்ணத்தின் கோணம் 100 பாகை. அமெரிக்க விமானத் தொழிலின் மட்டத் தலை ரிவெட்டான ஏஎன்426-ன் தலைக்கோணமும் அதுவே. ஐரோப்பியக் கடையில் சும்மா கேட்டால் கிடைக்கும் கவுண்டர்சிங்க் பிட் 90 பாகை. பத்துப் பாகைதானே என்று தோன்றும். 90 பாகைக் குழியில் 100 பாகைத் தலையை வைத்தால், தலையின் விளிம்பு மட்டும் குழியின் வாயில் உட்காரும். கீழே சுற்றிலும் வெற்றிடம். பார்வைக்கு மட்டமாக இருக்கும். சுமை முழுக்க ஒரு மெல்லிய வளையத்தின் மேல் ஏறும். தப்பு நடந்தது வெளியே தெரியாது என்பதுதான் இதில் மோசம்.

ஆகவே டிம்பிள் அச்சு, 100 பாகை வெட்டுமுனை, ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மைக்ரோஸ்டாப் கூடு ஆகிய மூன்றையும் யோசிக்காமல் அமெரிக்கப் பெட்டியில் வாங்க வேண்டும். நல்ல அச்சு தகட்டின் மீள்விசையைக் கணக்கில் கொண்டு சற்றுக் கூடுதலாக வளைத்துவிடும். விட்டதும் தகடு தானாகச் சரியான கோணத்துக்குத் திரும்பும். இந்த நுணுக்கம் மலிவு அச்சில் இருக்காது. அத்துடன் மைக்ரோஸ்டாப்பின் வெட்டுமுனை 1/4-28 மரையில் திருகப்படும். அந்த மரைக்கு ஐரோப்பாவில் மாற்று தேடி அலைவது வெட்டி வேலை.

துளையின் விளிம்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வான்ஸ் நிறுவனத்தின் சொந்த வரலாறே சாட்சி. அவர்கள் சில பாகங்களை லேசரால் வெட்டி அனுப்பினார்கள். டிம்பிள் போட்டபோது சில துளைகளின் விளிம்பில் விரிசல் கண்டது. 2023-ல் அது பெரிய சிக்கலாக வெடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி, மறுசீரமைத்துக்கொண்டு 2024-ல் மீண்டது. சிக்கலுக்கு வேறு நிதிக் காரணங்களும் உண்டு. ஆனால் ஒரு நிறுவனத்தையே ஆட்டிப் பார்க்கும் அளவுக்குத் துளையின் ஓரம் கனமான விஷயம் என்பதை ட்ரில் வாங்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரிவெட் கன்னுக்கு வருவோம். ஐரோப்பிய வன்பொருள் கடைகளில் காற்றில் ஓடும் சிற்றுளிச் சுத்தியல் மலிவாகத் தொங்கும். காரின் துருப்பிடித்த தகட்டை வெட்டுவதற்கானது. பார்க்க ரிவெட் கன் மாதிரியே இருக்கும். சிலர் அதையே மாற்றி அமைக்க முயல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய வேறுபாடு விசையில் இருக்கிறது. ரிவெட் கன்னின் விசை விரலுக்குக் கீழ்ப்படியும்: லேசாக அழுத்தினால் டொக் டொக் என்று மெதுவாகத் தொடங்கும், அழுத்தம் கூட்டக் கூட்ட வேகம் பிடிக்கும். சிற்றுளிச் சுத்தியலுக்கு இருப்பது இரண்டே நிலை, சும்மா இருத்தல் அல்லது முழு வெறி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகட்டில் அந்த வெறி பிறை வடிவத் தழும்பு வைக்கும். அத்துடன் அமெரிக்க ரிவெட் முனைகளின் தண்டு 0.401 அங்குலம், ஏறத்தாழ 10.2 மி.மீ.; சிற்றுளிச் சுத்தியலில் பெரும்பாலும் தண்டின் வடிவமே வேறு.

இதை எழுதும்போது ஓர் இடைச்செருகலை விட மனமில்லை. மார்செல் டெசூட்டர் என்ற பிரிட்டிஷ் விமானி 1913-ல் லண்டனுக்கு அருகே ஹெண்டனில் விழுந்து ஒரு காலை இழந்தார். அவருடைய தம்பி சார்லஸ், விமானத்துக்கான டியூராலுமின் கலவையைக் கொண்டு எடை குறைந்த செயற்கைக் கால் ஒன்றைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து ஒரு நிறுவனம் பிறந்தது. செயற்கைக் கால் செய்யத் தேவைப்பட்ட சிறு காற்றுக் கருவிகளை அவர்களே வடிவமைக்கப் போய், பின்னர் அந்தக் கருவிகளே அவர்கள் தொழிலாகி, விமானத் தொழிற்சாலைகளுக்குப் போயின. இன்று டெசூட்டர் சுவீடனின் அட்லஸ் கோப்கோ குழுமத்தில் இருக்கிறது. அமெரிக்க ரிவெட் கன்களில் பெயர்பெற்ற சிகாகோ நியூமேட்டிக்கும் அதே குழுமத்தின் கையில். அமெரிக்கப் பெட்டி, ஐரோப்பியக் கடை என்று நாம் பிரித்துப் பேசுகிற இரண்டும் ஸ்டாக்ஹோமில் ஒரே கணக்குப் புத்தகத்தில் சேரக்கூடும். ஐரோப்பாவின் பழைய விமானத் தொழிற்சாலைகளிலிருந்து வெளிவரும் டெசூட்டர் காற்று ட்ரில், புதிய மலிவு ட்ரில்லைவிட நூறு மடங்கு மேல். மெல்லிய அலுமினியத்துக்கு நிமிடத்துக்கு 3,000 சுற்றாவது வேண்டும். வீட்டு பேட்டரி ட்ரில்லில் பல 2,000 சுற்றைத் தாண்டாதவை.

இனி சுவர்ப் பக்கம். இங்கே அமெரிக்கப் பெட்டிக்கு மதிப்பெண் பூஜ்யம்.

அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஐரோப்பா 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அமெரிக்காவில் நிமிடத்துக்கு 3,450 சுற்று சுற்றும் பெஞ்ச் கிரைண்டர் மோட்டார், ஐரோப்பாவில் 2,850-ஐ ஒட்டித்தான் சுற்றும், சூடும் கூடும். கம்ப்ரஸருக்கும் இதே கதி. கம்ப்ரஸர், கிரைண்டர், செங்குத்து ட்ரில் எந்திரம், பட்டறை விளக்கு எதையும் கடல் கடந்து வரவழைக்க நியாயமே இல்லை. கம்ப்ரஸர் வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது பல சமயம் உறிஞ்சும் அளவு. கருவிக்கு வந்து சேரும் காற்று அதைவிடக் குறைவு. அந்த எண்ணைச் சிறிய எழுத்தில் தேட வேண்டும். அமெரிக்கக் கருவி கேட்கும் காற்று கன அடியில் எழுதப்பட்டிருக்கும். ஒரு கன அடி 28.3 லிட்டர். 90 பிஎஸ்ஐ அழுத்தம் என்றால் 6.2 பார்.

கருவி அமெரிக்கா, காற்று ஐரோப்பா என்றால் இரண்டும் சந்திக்கும் இடம் ஒன்று வருமே? ரிவெட் கன்னின் அடியில் இருக்கும் கால் அங்குல மரைதான் அந்த எல்லைச் சாவடி. அமெரிக்க மரை என்பிடி; அங்குலத்துக்கு 18 சுற்று, பல்லின் கோணம் 60 பாகை. ஐரோப்பியக் காற்றுக் குழாய்களில் இருப்பது பிரிட்டிஷ் பிஎஸ்பி. அங்குலத்துக்கு 19 சுற்று, 55 பாகை. இரண்டுக்கும் பெயர் கால் அங்குலம். ஒன்றை மற்றொன்றில் திருகினால் முதல் சில சுற்று சமர்த்தாகப் போகும். அப்புறம் இறுகும். வேலை முடிந்தது என்று நினைத்து விட்டால் காற்று கசியும். இன்னும் இறுக்கினால் கருவியின் மரை போகும். ரிவெட் கன் வாங்கும்போதே, ஒரு முனையில் என்பிடி, மறுமுனையில் அந்த நாட்டுக் காற்று இணைப்பு உள்ள சிறு பித்தளைத் துண்டுகளை வாங்கிவிட வேண்டும். அந்த நாட்டு இணைப்பு என்று சொல்லக் காரணம், ஐரோப்பாவுக்குள்ளேயே இது ஒன்றாக இல்லை. ஜெர்மனியில் 7.2 அளவு, பிரிட்டனில் பிசிஎல், பிரான்ஸில் வேறு. ஒரே நாணயத்தை அச்சடிக்க முடிந்தவர்களால் ஒரே காற்று முனையைச் செய்ய முடியவில்லை.

கைக்கருவிகளில் ஐரோப்பா எளிதாக வெல்கிறது. ரைன் நதிக்குக் கிழக்கே ரெம்ஷைட், வூப்பர்டால், ஜோலிங்கன் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து. ஸ்டால்வில்லே 1862-லிருந்தும் ஹாசெட் 1868-லிருந்தும் நிப்பெக்ஸ் 1882-லிருந்தும் அந்த வட்டாரத்தில் கருவி அடிக்கின்றன. சுவிட்சர்லாந்தின் வல்லோர்ப் அரம், ஜெர்மனியின் பெஸ்ஸி தகரக் கத்திரி, பிரான்ஸின் ஃபாக்கோம் ஸ்க்ரூடிரைவர் ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்க, அமெரிக்கத் தொகுப்பில் வரும் அரத்துக்குக் கப்பல் கூலி கொடுப்பது அநியாயம். தொகுப்பு வாங்குகிறவர் கடைக்காரருக்கு எழுதி அரம், கத்திரி, இடுக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழித்துவிடச் சொல்லலாம்.

ஸ்பேனர் மட்டும் விதிவிலக்கு. ஆர்வியில் அதிகம் வரும் ஏஎன்3 போல்ட்டின் தலை 3/8 அங்குலம், 9.53 மி.மீ. அதற்கு 10 மி.மீ. ஸ்பேனர் தொளதொளவென்று ஆடி மூலைகளை மழுக்கிவிடும். ஏஎன்4-ன் தலை 7/16, அதாவது 11.11 மி.மீ.; 11 மி.மீ. ஸ்பேனர் அதற்குச் சரியான பொருத்தம் இல்லை. அங்குல ஸ்பேனர் செட் ஒன்று கட்டாயம். அதற்காக அமெரிக்கா போக வேண்டியதில்லை. மேலே சொன்ன ஜெர்மன் நிறுவனங்கள் ஏற்றுமதிக்காக அங்குல அளவிலும் செய்கின்றன. பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் போகும் கடைகளிலும் கிடைக்கும்.

முறுக்கு அளவிடும் டார்க் ரெஞ்சும் அப்படியே. ஏஎன்3 போல்ட்டுக்கு 20 முதல் 25 அங்குல பவுண்ட், அதாவது 2.3 முதல் 2.8 நியூட்டன் மீட்டர். கார் சக்கரம் இறுக்கும் ரெஞ்ச் தொடங்குவதே இதைப்போலப் பத்து மடங்கில். இவ்வளவு சிறிய முறுக்கை அளக்கும் ரெஞ்சை ஐரோப்பாவில் சைக்கிள் கடையில் தேட வேண்டும். கார்பன் சட்டத்தை நசுக்காமல் இறுக்க 2 நியூட்டன் மீட்டரில் தொடங்கும் ரெஞ்சுகளைச் சைக்கிள்காரர்கள் சாதாரணமாக வைத்திருக்கிறார்கள். போல்ட்டைப் பூட்டும் சேஃப்டி ஒயர் முறுக்கும் இடுக்கிக்குப் பந்தய மோட்டார் சைக்கிள் கடை. மின்கம்பி முனை நசுக்கும் கருவியைப் பற்றி இங்கே விரிக்க வேண்டாம். கம்பி அமெரிக்க அளவில் வந்தால், முனையும் நசுக்கியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும் என்பதோடு விடலாம்.

இப்போது விலை. இங்கே பலர் செய்யும் ஒப்பீடு கோணலானது. அமெரிக்கக் கடை போடும் விலையில் வரி இல்லை. ஐரோப்பியக் கடை போடும் விலையில் மதிப்புக்கூட்டு வரி உள்ளே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, அமெரிக்கா எவ்வளவு மலிவு என்று வியப்பது அர்த்தமில்லாதது. 2,000 யூரோ பெறுமான கருவி, 300 யூரோ கப்பல் கூலி, சுங்கவரி 3% என்று வைத்துக்கொள்வோம். 2,369 யூரோ ஆகிறது. அந்த மொத்தத்தின் மேல்தான் மதிப்புக்கூட்டு வரி. ஜெர்மனியின் 19% சேர்ந்தால் 2,819. ஹங்கேரியின் 27% சேர்ந்தால் 3,009. சுவிட்சர்லாந்தில் 8.1%தான் என்பதால் அங்கிருப்பவருக்கு அமெரிக்கப் பெட்டி மற்றவர்களைவிட இனிக்கும். கூரியர் நிறுவனம் சுங்கத்தில் நின்றதற்குத் தனிக் கூலி வாங்கும். சிறு பொட்டலத்துக்கும் அது உண்டு. 22 யூரோவுக்கு உட்பட்ட பொருளுக்கு முன்பு இருந்த வரி விலக்கும் 2021 ஜூலையோடு போயிற்று. அமெரிக்காவில் இருப்பவர் ஒரு டிம்பிள் அச்சு விட்டுப்போனால் மறுபடி எழுதி வாங்கிக்கொள்வார். ஐரோப்பாவில் இருப்பவர் அப்படி நான்கு முறை எழுதினால் அச்சின் விலையைவிட அது வந்த வழியின் விலை கூடிவிடும். அதனால் அமெரிக்க வழி ஒரே பெரிய ஆர்டருக்குத்தான் கட்டுபடியாகும். ஐரோப்பிய வழியில் விமானம் வளர வளர வாங்கலாம். வாலைக் கட்டும்போது டார்க் ரெஞ்ச் கையில் இருக்க அவசியமில்லை.

விமானப் பாகங்களோடு கருவியையும் ஒரே மரப்பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்கிறவர்கள் உண்டு. கப்பல் கூலி மிச்சம் என்பது சரி. குடிசார் விமான வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம் 1980-ல் நடப்புக்கு வந்ததிலிருந்து விமானப் பாகங்களுக்குச் சுங்கவரி விலக்குப் பெற வழி இருக்கிறது. சுத்தியலும் ட்ரில்லும் விமானப் பாகம் ஆகா. பில்லில் இரண்டையும் தனித்தனியாக எழுதாவிட்டால், கருவிக்குரிய வரி பெட்டி முழுவதற்கும் பாயலாம். மிச்சம் பிடித்த கூலியைவிட அது பெரிதாக இருக்கும்.

ஐரோப்பிய வழிக்கு 2021 ஜனவரி 1 அன்று ஒரு கை ஒடிந்தது. அதுவரை ஜெர்மனியரோ டச்சுக்காரரோ அங்குலக் கருவி வேண்டுமென்றால் கடல் கடந்து பார்க்கும் முதல் இடம் பிரிட்டனாக இருந்தது. ஒரே மொழியில் பட்டியல், ஆர்வி கட்டுகிறவர்கள் நிறைய, டெவன் பக்கம் ஓக்ஹாம்ப்டனில் எல்ஏஎஸ் ஏரோஸ்பேஸ் மாதிரி விமானப் பொருள் கடைகள், சுங்கம் கிடையாது. பிரெக்ஸிட் முடிந்து புது ஒப்பந்தம் வந்தபோது, பிரிட்டனில் உருவான பொருளுக்கு மட்டும் சுங்கவரி இல்லை என்றானது. அமெரிக்காவில் செய்து பிரிட்டனில் கிடங்கில் இருந்த டிம்பிள் அச்சு பிரிட்டிஷ் பொருள் ஆகாது. பிரிட்டனுக்குள் நுழைய ஒருமுறை வரி கட்டியது, டோவரைத் தாண்டினால் இன்னொரு முறை கட்ட வேண்டும். இன்று பிரிட்டனில் இருப்பவருக்குப் பிரிட்டிஷ் கடை நல்ல வழி. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் இருக்கும் ஐரோப்பியருக்கு அது அமெரிக்காவின் சுற்றுவழி.

அந்த இடத்தை ஓரளவு நிரப்புவது சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கங்கள். பிரிட்டனின் எல்ஏஏ, பிரான்ஸின் ஆர்எஸ்ஏ, ஜெர்மனியில் 1968-லிருந்து இயங்கும் ஓயூவி ஆகியவற்றுக்குள் கருவித் தொகுப்புகள் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. ஒருவர் விமானத்தை முடித்துவிட்டால் அவருக்கு டிம்பிள் எந்திரமும் ரிவெட் கன்னும் எதற்கு? இந்தத் தொகுப்பு ஏற்கெனவே சுங்கமும் வரியும் கட்டிவிட்ட அமெரிக்கப் பெட்டி என்பதுதான் இதன் அழகு. என்பிடிக்குச் சரியான இணைப்பும் அதில் மாட்டியே இருக்கும். புதிதாக வாங்கும் இரண்டு வழிகளையும் விட இந்த மூன்றாம் வழிக்கே என் வாக்கு. அச்சுகளின் முகத்தில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் விரல் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். அந்தக் கீறல் ஒவ்வொரு துளையிலும் பதியும்.

இத்தனைச் சிக்கலும் அமெரிக்க அலுமினியத்தைத் தேர்ந்ததால் வந்தது என்று பிரெஞ்சுக்காரர் ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. எதுவார் ஜோலியும் ழான் தெலமோந்தேயும் வடித்த ஜோடெல் டி9 மர விமானம் 1948 ஜனவரியில் பறந்தது. வரைபடம் மில்லிமீட்டரில். ரம்பம், இழைப்புளி, இறுக்கிகள், ஸ்டேப்ளர், நீளமான மட்ட மேசை. அந்தக் கருவிப் பட்டியலில் ஊர்க் கடையில் கிடைக்காதது எதுவுமில்லை. செலவு பசையிலும் மரத்திலும் போகும். பசை காயும் நேரத்தில் அறையின் வெப்பமும் ஈரமும் சரியாக இருக்க வேண்டும் என்பதால், அங்கே ரிவெட் கன்னின் இடத்தில் ஒரு தெர்மாமீட்டரும் ஈரமானியும் உட்கார்ந்திருக்கும்.

உலோகமே வேண்டும் என்பவருக்கும் நடுவழி உண்டு. ஒரு பக்கத்திலிருந்தே இழுத்துப் பூட்டும் பாப் ரிவெட் 1920-களின் இறுதியில் பர்மிங்ஹாமின் ஜார்ஜ் டக்கர் ஐலெட் நிறுவனத்திலிருந்து வந்தது. பிரான்ஸில் பிறந்து கனடாவில் குடியேறிய கிறிஸ் ஹெய்ன்ட்ஸின் செனித் விமானங்கள் அதை நம்பியே நிற்கின்றன. வான்ஸின் ஆர்வி-12-லும் பெரும்பகுதி இழு ரிவெட்தான். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே ஜெர்மன் நிறுவனமான கெசிப்பா செய்யும் இழுகருவி இதற்குப் போதும். ரிவெட் கன்னும், அதன் அடியை மறுபக்கம் தாங்கும் பக்கிங் பார் என்ற கட்டியும், அதைப் பிடிக்க இன்னோர் ஆளும் பெரும்பாலும் தேவைப்படாது. செனித் கட்டுகிறவர்கள் அந்தக் கருவியின் மூக்கைக் குழிவாகக் கடைந்துகொள்கிறார்கள். தட்டைத் தலை ரிவெட்டை அது இழுக்கும்போதே குமிழாக்கி உட்கார்த்தும்.

ஆர்வி-12-ன் மூக்கில் இருப்பது ஆஸ்திரியாவின் குன்ஸ்கிர்ஷனில் செய்யும் ரோட்டாக்ஸ் 912. அதன் மரைகள் பெரும்பாலும் மில்லிமீட்டர். தீத்தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஓரிகானின் அங்குலம், முன்னால் ஆஸ்திரியாவின் மீட்டர். அந்த விமானம் கட்டுகிறவர் இரண்டு ஸ்பேனர் செட்டும் வாங்கித்தான் தீர வேண்டும். எதை எந்த இழுப்பறையில் வைத்தோம் என்பதற்கு ஒன்றின் பிடியில் சிவப்பு டேப் சுற்றிக்கொள்வது வழக்கம்.